காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரைக்கும்

நேற்று காலை 4 மணியிலிருந்து இன்று காலை 4 மணி வரைக்கும் என்னென்ன செய்தீங்க? அரை மணி நேரம், அரை மணி நேரமா பிரிச்சுச் சொல்லணும். "எழுந்தேன், ஆபீஸ் போனேன், வந்தேன், தூங்கினேன்"னு நாலு வார்த்தையில் முடிக்கக் கூடாது.

இது நான் யோசிச்சு வச்ச கேள்வி இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் நாடு முழுக்க 1,38,799 வீடுகளுக்குப் போய், 6 வயசும் அதுக்கு மேலும் உள்ள 4,47,250 பேரைப் பத்தி கேட்ட கேள்வி. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புன்னு பேரு. சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர்னு கேட்கிற சர்வே எல்லாருக்கும் தெரியும். இது அப்படியில்லை. "உங்க நாள் எங்கே போச்சு?"ன்னு கேட்கிற சர்வே. 2024-லயும் ஒருமுறை எடுத்தாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி 1998-99-ல் 6 மாநிலங்களில் மட்டும் ஒரு முன்னோட்டம் நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒண்ணு.

வழக்கமா வாரக் கடைசி எபிசோடுல அந்த வாரம் என்ன படிச்சேன், என்ன பார்த்தேன், என்ன சாப்பிட்டு வயித்தைக் கெடுத்துக்கிட்டேன்னு பேசுவேன். இந்த வாரமும் அதேதான். ஆனா, இந்தத் தடவை அந்த அரசாங்கப் படிவம் மாதிரியே ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஏழு நாளும் நிரப்பிப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 48 கட்டம். ஏழு நாளைக்கு 336.

ஏன் 4 மணிக்கு ஆரம்பிக்கிறாங்க? நள்ளிரவு 12-ல நாளை வெட்டினா, 12 மணி தாண்டி சீரிஸ் பார்க்கிறவங்களோட ராத்திரி ரெண்டு துண்டாயிடும். 4 மணிங்கிறது ஊரே தூங்குற நேரம். அங்க வெட்டினா யாருக்கும் வலிக்காது. என் அம்மா மாதிரி 4:45-க்கு எழுந்திரிக்கிறவங்களுக்கும் சரியா வரும்.

செய்யுற எல்லாத்தையும் 9 பெரிய பிரிவா பிரிச்சு வச்சிருக்காங்க. ஐ.நா.வோட சர்வதேச வகைப்பாடு அது. சம்பள வேலை ஒரு பிரிவு. ஆபீசுக்குப் போய்வர்ற பயணமும் அதுக்குள்ளதான் வரும். எனக்கு அதுவே பெரிய ஆறுதலா இருந்துச்சு. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஸ்கூட்டியில் உட்கார்ந்து சிக்னல் எண்ணுறதும் வேலைதான்னு ஒரு ஐ.நா. ஆவணம் ஒத்துக்குது. வீட்டு வேலை தனிப் பிரிவு, குழந்தைகளையும் பெரியவங்களையும் கவனிச்சுக்கிறது இன்னொரு பிரிவு, படிப்பு, பேச்சும் பழக்கமும் கோயிலும், தூக்கம் சாப்பாடு குளியல்னு போகுது. கதைப் புத்தகம் படிக்கிறது, படம் பார்க்கிறது எல்லாம் எட்டாவது பிரிவு. அதே எட்டாவது பிரிவில் எனக்குப் பிடிச்ச ஒரு உட்பிரிவு இருக்கு: சும்மா இருக்குறது. யோசிச்சுக்கிட்டு, ஓய்வா, ஒண்ணும் செய்யாம. அதுக்கும் ஒரு எண் குடுத்து வச்சிருக்காங்க.

என் நோட்டுக்கு வருவோம். திங்கள், செவ்வாய் ஒழுங்கா எழுதினேன். மூணு நாள் ஆபீஸ், ரெண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. தூக்கம் சராசரியா ஆறே முக்கால் மணி நேரம். வீட்டு வேலை ஒரு நாளைக்கு 35 நிமிஷம்: என் துணி, சாயங்காலம் பாத்திரம், அவ்வளவுதான். பிரச்சினை வந்தது போன்ல. செவ்வாய்க்கிழமை என் நோட்டு சொல்லுது, நான் போன் பார்த்தது ஒன்றரை மணி நேரம். என் போனே வச்சிருக்கிற கணக்கு சொல்லுது, 3 மணி 40 நிமிஷம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல காணோம்.

யாரும் பொய் சொல்லலை. சல்லடையோட கண் பெருசு, அதான் விஷயம். இந்த சர்வேயில் ஒரு அரை மணி நேரக் கட்டத்துக்குள்ள அதிகபட்சம் மூணு செயல்தான் எழுதுவாங்க. அதுவும் 10 நிமிஷமாவது நீடிச்சிருக்கணும். நான் போனை எடுக்கிறது ரெண்டு நிமிஷம், நாலு நிமிஷம். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது ஒரு ரீல், மீட்டிங்ல யாரோ ஸ்கிரீன் ஷேர் பண்ணத் தடுமாறும்போது ரெண்டு ரீல். ஒண்ணுகூட 10 நிமிஷத்தைத் தொடாது. அத்தனையும் சல்லடையில ஒழுகிப் போயிடுது. கூட்டிப் பார்த்தா ஒரு சினிமா ஓடுற நேரம்.

இந்த ரெண்டு நிமிஷத் துண்டுகள் தானா உருவானதில்லைங்கிறது உங்களுக்கும் தெரியும். பக்கம் முடியாம கீழே கீழே போய்க்கிட்டே இருக்கிற ஸ்க்ரோலை 2006-ல் வடிவமைச்சவர் அசா ராஸ்கின். அடுத்த பக்கம்னு ஒரு பட்டனை அமுக்குற சிரமத்தைக் குறைக்கத்தான் செஞ்சார்; பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டுப் பொதுவெளியில் பேசினார். பக்கம் முடிஞ்சா நாம நிமிர்ந்து பார்ப்போம். முடியலைன்னா பார்க்க மாட்டோம். சரி, இது பல எபிசோடுல பேசினதுதான், நீட்டலை. நான் சொல்ல வந்தது அந்தச் சல்லடையைப் பத்தி. ஏன்னா வியாழக்கிழமை அதே சல்லடையை அம்மாகிட்ட கொடுத்தேன்.

அம்மாவுக்கு 54 வயசு. "உன் பரீட்சைக்கெல்லாம் நான்தான் கட்டம் போட்டுக் குடுத்தேன், இப்ப நீ எனக்கா?"ன்னு கேட்டுட்டு, கேஸ் புக்கிங் நம்பர் எழுதி வச்சிருக்கிற நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுத ஆரம்பிச்சாங்க. வெள்ளிக்கிழமை காலையில் நோட்டை என்கிட்ட கொடுத்தாங்க. பல கட்டங்கள்ல எழுத இடமே இல்லை. 5:30 முதல் 6 வரைக்கும் ஒரு கட்டத்துல மட்டும் இருந்தது: பால் பாக்கெட் எடுத்தது, டிகாஷன் போட்டது, மோட்டார் போட்டது, கோலம், மோட்டார் நிறுத்தினது, அரிசி களைஞ்சது, அப்பாவோட பிரஷர் மாத்திரையை டேபிள்ல எடுத்து வச்சது. ஏழு வேலை. படிவத்துல மூணுதான் எழுதலாம். 10 நிமிஷம் தாண்டினது எதுன்னு கேட்டேன். "கோலம்னு போட்டுக்கோ"ன்னாங்க.

ஆக, என்னோட ரீலும் அம்மாவோட மோட்டாரும் ஒரே ஓட்டை வழியாத்தான் காணாமப் போகுது. சர்வேக்காரங்களைக் குறை சொல்ல இது இல்லை. நாலரை லட்சம் பேர்கிட்ட ஒரு ஒரு நிமிஷமாக் கேட்டா எந்தக் காலத்திலும் முடியாது. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். ஆனா அந்தக் கோட்டுக்குக் கீழே விழுறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நானா போய் எடுத்துக்கிற துண்டு. இன்னொண்ணு, வீடு கூப்பிட்டுத் தர்ற துண்டு. ரெண்டுமே ரெண்டு நிமிஷம்தான். ஆனா ரீலை நான் அப்புறம் பார்த்துக்கலாம். மோட்டாரை அப்புறம் நிறுத்திக்கலாம்னு விட்டா, தண்ணி டேங்க் நிறைஞ்சு பக்கத்து வீட்டு மாமி குரல் கொடுப்பாங்க.

தண்ணின்னதும் ஞாபகம் வருது, இந்த வாரம் படிச்ச புத்தகம் அசோகமித்திரனோட "தண்ணீர்". 1973-ல் வெளிவந்த சின்ன நாவல். அந்தக் காலத்துச் சென்னையில் ஒரு தெரு, தண்ணிப் பஞ்சம், ஜமுனா, சாயான்னு ரெண்டு அக்கா தங்கச்சி. யார் வீட்டுப் பம்புல தண்ணி வருதுன்னு குடத்தைத் தூக்கிக்கிட்டு விடியுறதுக்கு முன்னாடியே அலையுறாங்க. ஜமுனாவுக்கு ஆயிரம் கவலை இருக்கு. வாழ்க்கையே கையை விட்டுப் போற நிலைமை. ஆனா, கவலைப்படுறதுக்குக்கூட நேரம் ஒதுக்கித்தான் கவலைப்படணும், ஏன்னா குழாயில தண்ணி வர்ற நேரம் அவங்க கையில இல்லை. நான் இதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணி நேரத்துல ஒரே மூச்சா படிச்சேன். வர்ணனையெல்லாம் கிடையாது. ஒரு வாக்கியம் நீளமா போனா அதுக்கே எழுதினவருக்குச் சங்கடமா இருக்கும் போல, அப்படி ஒரு எழுத்து.

இப்ப ஒரு வேடிக்கை பாருங்க. ஜமுனா குடத்துல தண்ணி தூக்கிட்டு வந்தாங்கன்னா, சர்வதேசக் கணக்கு விதிப்படி அது "பொருள் உற்பத்தி". வீட்டுக்குன்னு விறகு பொறுக்குறது, தோட்டத்துல கத்தரிக்காய் போடுறது மாதிரி. ஒரு நாட்டோட உற்பத்தி எல்லைக்குள்ள வர்ற வேலை. அதே தண்ணியை அடுப்புல வச்சு அதே ஜமுனா சாதம் வடிச்சா, அது அந்த எல்லைக்கு வெளியே. காசு வாங்காம வீட்டாருக்குச் செய்யுற சேவை. வாசப்படி வரைக்கும் உற்பத்தி, வாசப்படி தாண்டி உள்ள வந்துட்டா இல்லை. பொருளாதாரம் படிச்சவங்க இதுக்குக் காரணம் சொல்வாங்க: சமையலையும் சேர்த்தா வேலையில்லாதவர்னு யாருமே இருக்க மாட்டாங்க, விலை போடுறதும் கஷ்டம்னு. காரணம் புரியுது. ஆனா அம்மாகிட்ட இதை விளக்கினப்போ அவங்க சிரிச்ச சிரிப்பையும் இங்க பதிவு பண்ணணும்.

நாட்டு அளவுல இந்த நோட்டுகள் என்ன சொல்லுது? 2019 சர்வேயில் அதிகமா பரவின எண் ஒண்ணு இருக்கு. வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பார்த்ததும் தோணும், "பரவாயில்லையே, ஆம்பளைங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல செய்யுறாங்களே"ன்னு. இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். அந்த 97 எல்லா ஆண்களோட சராசரி இல்லை. அன்னைக்கு வீட்டு வேலை ஏதாவது செஞ்ச ஆண்களோட சராசரி மட்டும். செஞ்சவங்க எத்தனை பேர்? நூத்துக்கு 26 பேர். மிச்சம் 74 பேர் அந்த எண்ணுக்குள்ளயே இல்லை. பெண்கள்ல நூத்துக்கு 81 பேர் செஞ்சிருக்காங்க.

எல்லாரையும் சேர்த்துச் சராசரி போடணும்னா பெருக்கிப் பாருங்க. 97-ஐ 26 சதவீதத்தால பெருக்கினா 25 நிமிஷம் வரும். 299-ஐ 81 சதவீதத்தால பெருக்கினா 243 நிமிஷம் கிட்ட வரும். 25-க்கு 243. வாட்ஸ்அப்பில் சுத்துற படத்துல இருக்கிறது மூணு மடங்கு வித்தியாசம். நிஜத்துல கிட்டத்தட்ட பத்து மடங்கு. 2024 சர்வேயில் பெண்கள் 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். ரெண்டு பக்கமும் குறைஞ்சிருக்கு. ஒரு சதவீதக் கணக்கைப் பார்க்கும்போது "யாருல இத்தனை?"ன்னு கேட்கிற பழக்கம் ஒண்ணு மட்டும் இந்த எபிசோடுலேர்ந்து எடுத்துக்கிட்டாகூட எனக்கு சந்தோஷம்.

வீட்டுக்குத் திரும்பலாம். வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையுமா ஒரு படம் பார்த்தேன். 1975-ல் வந்தது, ஷான்டல் அகெர்மன் இயக்கினது. படத்தோட பேரே ஒரு பெண்ணோட பேரும் அவங்க வீட்டு விலாசமும்தான்: ழான் டீல்மன், அப்புறம் புருசெல்ஸ் நகரத்துல ஒரு தெரு, கதவு எண் 23. "சைட் அண்ட் சவுண்ட்"ங்கிற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒருமுறை உலகத்தின் சிறந்த படம் எதுன்னு விமர்சகர்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தும். 2022-ல் முதலிடம் இதுக்குத்தான். ஒரு பெண் இயக்கின படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. எடுத்தப்போ அகெர்மனுக்கு 25 வயசுகூட ஆகலை. இதைக் கேட்டு நாம யாரும் மனசு உடைய வேண்டாம்.

படம் 201 நிமிஷம். ஒரு விதவைத் தாய், பள்ளிக்கூடம் போற பையன், மூணு நாள். சமைக்கிறாங்க, பாத்திரம் கழுவுறாங்க, விளக்கை அணைச்சுட்டு அடுத்த அறைக்குப் போறாங்க. மத்தியானம் ஒரு ஆள் வீட்டுக்கு வர்றார், காசு கொடுத்துட்டுப் போறார். அதுவும் அந்த அட்டவணையில் ஒரு கட்டம், உருளைக்கிழங்கு அடுப்புல வேகிற நேரத்துக்குள்ள முடியணும். கேமரா நகராது. உருளைக்கிழங்கு சீவினா சீவி முடிக்கிற வரைக்கும் நாமளும் உட்கார்ந்திருக்கணும். முதல் நாள் எல்லாம் ஒழுங்கா போகுது. ரெண்டாவது நாள் கிழங்கு குழைஞ்சு போயிடுது. மூணாவது நாள் காபி சரியா வரலை, கொட்டிட்டு மறுபடி போடுறாங்க. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனா நம்ம படத்துல பாம் வெடிக்கிறதுக்கு முன்னாடி வர்ற பதட்டம் இருக்கே, அது அந்தக் குழைஞ்ச கிழங்கைப் பார்க்கும்போது வந்தது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

அம்மா அந்தப் பக்கம் போறப்போ வர்றப்போ நின்னு பார்த்தாங்க. முதல்ல சொன்னது, "என்ன இவ, கிழங்கை இவ்ளோ தடிமனா சீவுறா, பாதி தோலோட போகுது." ரெண்டாவது தடவை நின்னப்போ, காபி வீணான காட்சி. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "பால் திரிஞ்சிருக்கும்னு நினைக்கிறா. பால்ல ஒண்ணும் இல்ல. இவளுக்கு வேற எங்கயோ ஒரு அரை மணி நேரம் கூடுதலா வந்து மாட்டிக்கிச்சு, அதை என்ன பண்றதுன்னு தெரியல"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. நான் படிச்ச எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமா சொல்லலை.

அந்த வார்த்தை, அரை மணி நேரம் கூடுதலாங்கிறது, என்னை மறுபடி அவங்க நோட்டைத் திறக்க வச்சது. முழுப் பக்கத்துலயும் ஒரே ஒரு இடத்துலதான் அடுத்தடுத்து மூணு கட்டத்துக்கும் ஒரே செயல் எழுதியிருந்தாங்க. 11:20-லிருந்து 12:50 வரை. "கதை." வேற ஒண்ணும் எழுதலை.

எங்க வீட்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. பாட்டி 1970-கள்ல வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழிச்சுச் சேர்த்து, பைண்டு பண்ணி வச்ச தொகுப்புகள். உங்க வீட்டுப் பரணிலும் ஒண்ணு ரெண்டு இருக்கலாம். பின்பக்கத்துல பாதி ஜோக்கும், பாதி சோப்பு விளம்பரமும் வெட்டுப்பட்டு நிக்கும். அம்மா அதை மூணாவது தடவையா படிக்கிறாங்க. ஏன் நாவலாவே வாங்கிப் படிக்கக் கூடாதுன்னு கேட்டேன். "ஒரு அத்தியாயம் அஞ்சு பக்கம். குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். பாட்டிக்கு அதுதான் தோது"ன்னாங்க. தொடர்கதைங்கிற வடிவத்தைப் பத்தி எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. வாரப் பத்திரிகையில பக்கம் கம்மி, அடுத்த வாரமும் வாங்க வைக்கணும், அதனால திருப்பத்துல நிறுத்துவாங்கன்னுதான் கேட்டிருக்கோம். படிக்கிறவங்களோட நேரமும் துண்டு துண்டாத்தான் இருந்தது, கதையும் அந்த அளவுக்கு வெட்டி வந்ததுங்கிறது அடுப்படியிலிருந்து பார்த்தாத்தான் தெரியும். அதோட, கடைசியில "தொடரும்"னு போட்டா, ஒரு வாரம் காத்திருக்கணும். இப்ப அடுத்த எபிசோடு தானா ஓட ஆரம்பிக்க சில நொடிதான்.

ஆனா அம்மா அந்த ஒன்றரை மணி நேரத்துல ஒரு அத்தியாயத்தோட நிறுத்துறதில்லை. எட்டு, ஒன்பதுன்னு போகும். பாட்டி துண்டு துண்டா படிச்சதை அம்மா முழுசா படிக்கிறாங்க. எப்படி முடியுதுன்னா, அந்த நேரத்துல வீட்ல யாரும் இல்லை. அப்பா கம்பெனியில். நான் ஆபீஸ், இல்லேன்னா கதவைச் சாத்திக்கிட்டு மீட்டிங். சமையல் முடிஞ்சது, துணி காயப் போட்டாச்சு. கூப்பிட ஆள் கிடையாது.

அப்பாவுக்கு இந்த மாசம் 31-ம் தேதி ரிட்டயர்மென்ட்.

இது அம்மா சொல்லித்தான் எனக்கு உறைச்சது. நோட்டைப் பார்த்துக்கிட்டே, "அடுத்த மாசம் இந்தக் கட்டத்துல என்ன எழுதுவேன் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. "ஏன், அப்பா என்ன குழந்தையா, அவர் பாட்டுக்குப் பேப்பர் படிப்பார்"னு சொன்னேன். "படிப்பார். 11:30-க்கு 'ஒரு அரை டம்ளர் காபி கிடைக்குமா'ன்னு கேட்பார். கோபமாக்கூடக் கேட்க மாட்டார், நல்லாத்தான் கேட்பார்."

காபி போட ஆறு நிமிஷம் ஆகும். சர்வே அதைப் பதிவு பண்ணாது, 10 நிமிஷத்துக்குக் கீழே. படிவத்துல பார்த்தா அம்மா அப்பவும் ஒன்றரை மணி நேரம் கதை படிச்சதாத்தான் இருக்கும். ஆனா நடுவுல ஒரு ஆறு நிமிஷம் விழுந்த ஒன்றரை மணி நேரமும், விழாத ஒன்றரை மணி நேரமும் ஒண்ணு இல்லை. கேட்பாரோன்னு ஒரு காதைத் திறந்து வச்சுக்கிட்டுப் படிக்கிறது வேற படிப்பு. எனக்கு அது நல்லாத் தெரியும், ஏன்னா நான் மேஜைமேல போனைக் கவுத்து வச்சுட்டு வேலை செய்யுறவ. நான் "தண்ணீர்" நாவலை ஒரே மூச்சா படிச்ச ஞாயிற்றுக்கிழமை ரெண்டரை மணி நேரம் இருக்கே, அந்த நேரத்துல காலிங் பெல்லுக்கு ரெண்டு தடவை எழுந்து போனதும், தண்ணி கேன் இறக்கினதும், கடலை மாவு கடன் கேட்டு வந்த மாமிகிட்ட பேசினதும் அம்மாதான். முழு நேரம்னு ஒண்ணு யாருக்காவது கிடைக்குதுன்னா, அந்த வீட்ல துண்டுகளை வேற யாரோ வாங்கிக்கிறாங்கன்னு அர்த்தம்.

அப்பாகிட்டயும் நோட்டைக் காட்டினேன். அவர் 35 வருஷம் அக்கவுண்ட்ஸ்ல இருந்தவர். என்ன எழுதியிருக்குன்னு படிக்கலை, முதல்ல கூட்டிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம்தான். உங்கம்மா 1,560 காட்டியிருக்கா. டேலி ஆகலையே?" தப்பு இல்லைன்னு விளக்கினேன். துணி மடிக்கும்போதே பாட்டியோட தங்கச்சிகிட்ட போன்ல பேசினாங்க, ரெண்டையும் முழுசா எழுதியிருக்காங்க. அரசாங்கக் கணக்குல இந்த மாதிரி வந்தா பங்கு போட்டு 24 மணி நேரத்துக்குள்ள அடக்கிடுவாங்க. அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பங்கு போட்டா டேலி ஆகும், ஆனா அவ செஞ்சது குறைஞ்சு போகுமே"ன்னார். அதுக்கப்புறம்தான் வரிவரியாப் படிச்சார். மாத்திரை எடுத்து வச்சதுல விரல் நின்னுச்சு. ஒண்ணும் சொல்லலை.

ரிட்டயர் ஆன அப்பாக்கள் என்ன செய்யலாம்னு இணையத்துல நிறைய ஆலோசனை இருக்கு: நடைப்பயிற்சி, தோட்டம், ஆன்மிகச் சுற்றுலா. எல்லாமே அவங்களோட நேரத்தை எப்படி நிரப்புறதுன்னுதான் சொல்லுது. அவங்க வீட்ல இருக்குறது இன்னொருத்தரோட நேரத்தை என்ன பண்ணும்னு கேட்கிற கட்டுரை ஒண்ணாவது கிடைக்குமான்னு சனிக்கிழமை தேடினேன். கிடைச்சா அனுப்புங்க.

எங்க வீட்ல பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு. அம்மாவோட கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: 11 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, நல்லாவும் கேட்கக் கூடாது. அப்பாவோட முதல் யோசனை, கிளை நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துக்கிறேன்னு. நல்ல யோசனைதான். சொத்து வரியோட ரூபாய்க்கு 10 காசு நூலக வரின்னு அவர் வருஷா வருஷம் கட்டிக்கிட்டு வர்றார், உள்ளே போனதில்லை. நூலகத்துறையில் எஸ்.ஆர். ரங்கநாதன்னு ஒருத்தர், நம்ம சீர்காழிக்காரர், 1931-ல் ஐந்து விதிகள் எழுதினார். அதுல நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறது. அவர் சொன்னது நூலகத்துக்கு வந்து புத்தகம் தேடுற வாசகரை. எங்க கேஸ்ல அப்பா நூலகத்துக்குப் போனா மிச்சமாகிறது வீட்ல இருக்கிற வாசகரோட நேரம்.

ஆனா அம்மா அதை முழுசா ஏத்துக்கலை. "வெயில் காலத்துல அவரை விரட்டிவிட்டுட்டு நான் கதை படிச்சா தொண்டையில இறங்குமா? வீட்லயே இருக்கட்டும். காபியை அவரே போட்டுக்கட்டும்." அப்பா பிளாஸ்க்ல போட்டு வச்சுடலாம்னார். பிளாஸ்க் காபி வாடை அடிக்கும், அவரே ரெண்டாவது நாள் குடிக்க மாட்டார்னு அம்மா சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரி நிலவரம்: அப்பா ஃபில்டர் காபி போடக் கத்துக்கிறார். பொடியை எவ்வளவு அழுத்தணும்ங்கிறதுல ரெண்டு பேருக்கும் இன்னும் உடன்பாடு வரலை. முதல் டிகாஷன் தண்ணியா இறங்கிடுச்சு. 31-ம் தேதிக்கு இன்னும் 19 நாள் இருக்கு.